கதவு சாத்திய படையல்

"அந்தம்மாகிட்டப் போயி என்னத்தக் கேக்கப்போறீங்க மேடம்? செத்துப்போன மவனுக்கு தெனமும் சோறு போட்டுக்கினு இருக்குது. உள்ள யாரோ துன்ற சத்தம் கேக்குதாம்" என்று சொல்லி, ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

மலர்விழிக்கு உதறல்தான். என்ன செய்வது? கலவரம் நடந்த ஊரில் சமாதானம் பேசுவது எப்படி என்று நெய்வேலி டவுன்ஷிப்பில் இளம் வக்கீல்களுக்குப் பயிற்சி நடந்தது. அதில் அவளும் ஒருத்தி. கடைசியில் இந்த ஊரை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

இரண்டு தெரு மோதிக்கொண்டதில் அந்தம்மா வீராயியின் மகன் செங்குட்டுவன் செத்தான். வெட்டிய மணிமாறன் தண்டனை முடிந்து வெளியே வந்தவன், ஆளையே காணோம். அவனைத் தேடுவது வேறொருத்தர் பாடு. அவனோடு நேருக்கு நேர் உட்கார வீராயியைச் சம்மதிக்க வைக்க வேண்டியது மலர்விழியின் பாடு. அது நடந்தால்தான் இரண்டு தெருவும் அரிவாளைக் கீழே போடும்.

வீராயி மரியாதையாக உட்காரச் சொன்னாள். மணிமாறன் பேரை எடுத்ததும் எழுந்துபோய் அரிசி களைய ஆரம்பித்தாள். செத்த மகனை இன்னும் மறக்காதவள் எங்கே மன்னிக்கப் போகிறாள் என்று மலர்விழி சலித்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. வீராயி பின்னறையில் இலை போட்டாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கதவைச் சாத்தினாள். படையல் போட்டுக் கதவைச் சாத்தினால் செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது வழக்கம்தான். அதற்காக தினமுமா?

உள்ளே இலை சரசரத்தது.

பூனையாக இருக்கும் என்று மலர்விழி மனசைத் தேற்றிக்கொண்டாள். பூனை இருமுமா?

"கொழம்பு ஒறப்பா கீதா?" என்று வீராயி கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றது ஓர் ஆண் குரல்.

 மலர்விழியின் பாழாய்ப்போன மனசு சும்மா இருக்குமா? எழுந்துபோய்க் கதவைத் தள்ளிவிட்டாள்.

எச்சில் கையோடு ஒருவன் சுவரோரம் ஒண்டினான். பயிற்சியில் போட்டோவில் பார்த்த அதே முகம். மணிமாறன்!

"இவன் யாருன்னு தெரிஞ்சேதான் சோறு போடுறீங்களாம்மா?" என்று மலர்விழி கேட்டாள்.

வீராயி அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"கோர்ட்ல அவன் தெருக்காரனுவோளப் பத்தி உண்மையச் சொல்லிட்டான்னு அவன் தெருவுல சேத்துக்கல. பசின்னு என் வாசல்ல வந்து வுழுந்தான். செத்தவன் வந்து துன்றான்னா பயந்துகினு ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்மா. உசுரோட ஒருத்தன் துன்றான்னு தெரிஞ்சா வெட்டிடுவானுவோ."