எஞ்சினுக்குப் பிறந்த கார்

"தப்பு" என்றார் யசீகரன்.

அபிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிநாட்டில், எல்லர்ஸ்லி என்ற ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்டர்வியூ. எதிரே இரண்டு பேர். வெள்ளைக்கார மேனேஜர் கிரெய்க் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்பதெல்லாம் இந்த யாழ்ப்பாணத்துக்காரர் யசீகரன்தான். அதுவும் இங்கிலீஷில்.

கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். புரோகிராமில் கார் ஒரு கிளாஸ், அதாவது ஒரு வகை; எஞ்சின் இன்னொரு கிளாஸ். இரண்டுக்கும் என்ன உறவு?

"காருக்குள்ளே எஞ்சின் இருக்கிறது, சார். புரோகிராமிலும் அப்படித்தான் வைக்கணும்."

"தப்பு. எஞ்சின் அப்பா, கார் பிள்ளை. இன்ஹெரிடன்ஸ், வாரிசு உறவு."

"இல்லை சார்..."

"இங்கே சீனியர் நானா, நீங்களா?"

வேலை கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் விசா முடிகிறது. சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். 'சரி சார்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"உங்கள் ஊர்ப் படிப்பே இப்படித்தான்" என்று சிரித்தார் யசீகரன்.

வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. அபிதா எழுந்தே விட்டாள்.

"எஞ்சின் கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டுகிறோமே, அப்போ கார் அப்பனை மாற்றிக்கொள்ளுமா? தப்பு உங்கள் பேரில்தான் சார். இப்படி எழுதச் சொன்னால் நான் எழுத மாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள்!"

கிரெய்க் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். யசீகரனிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு, "தேங்க் யூ, அபிதா" என்றார்.

போச்சு.

லிஃப்ட் வரைக்கும் யசீகரன் கூடவே வந்தார். அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"தங்கச்சி, வேலை உங்களுக்குத்தான். கிரெய்க் ஓமெண்டிட்டான்." இப்போது தமிழ்.

"கிண்டலா சார்? உள்ளே அவ்வளவு மட்டம் தட்டினீங்க!"

"கார் எஞ்சின்ர பிள்ளையெண்டு சொல்ல எனக்கென்ன விசரே, பைத்தியமே?"

"அப்புறம் எதுக்கு சார்?"

லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போனது.

"முந்தி வந்த எங்கட தமிழ்ப் பிள்ளையள் நான் பிழையாச் சொன்னதுக்கும் 'யெஸ் சார்' எண்டு தலையாட்டிப்போட்டுப் போயிட்டினம். 'உங்கட ஆக்கள் எதிர்த்துக் கதைக்க மாட்டினம், இந்த ஒருத்தியோட சரி, இனிக் கூப்பிடாத' எண்டிட்டான் கிரெய்க். அதான், அவன்ர கண்ணுக்கு முன்னால உங்களைச் சண்டை பிடிக்க வைச்சனான்."