வெர்னாவின் தபால் பெட்டி

"எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?" என்று கேட்டார் தலைவர் ஹார்லன் ஸ்டோல்ட்ஸ்.

"இடது பக்கம். இல்ல, இருங்க. வீட்டுல இருந்து பாத்தா இடது. ரோட்டுல இருந்து பாத்தா வலது," என்றாள் வெர்னா.

எங்கள் மாவட்டத்தை, அதாவது கவுண்டியை, நிர்வகிக்கும் வாரியத்தின் குமாஸ்தா நான். அதையும் குறிப்பேட்டில் எழுதித் தொலைத்தேன்.

அன்று முடிவாக வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். மில் ஓடைப் பாலத்தை மூடுவதா, பழுது பார்ப்பதா? வெர்னாவோ, பனி தள்ளும் வண்டி பதினோரு வருஷமாகத் தன் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துவிட்டுப் போகிறது என்று பேசிக்கொண்டிருந்தாள். கையில் அதற்கென்று ஒரு போட்டோ ஆல்பம் வேறு.

பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். அதுதான் விதி. ஆனால் தலைவர் கேள்வி கேட்டால் அந்த நேரம் கணக்கில் சேராது. ஹார்லன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இது எந்த வருஷத்துப் பெட்டி?"

"பச்சைப் பெட்டியா? அது எங்க வீட்டுக்காரரு இருந்தப்போ வச்சது."

"அவரே அடிச்ச பெயின்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்தல். வாரியத்தின் மூன்று உறுப்பினர்களும் மறுபடி நிற்கிறார்கள். ஒரு கிழவியின் ஒற்றை ஓட்டுக்காக ஒரு மனுஷன் இவ்வளவு வழிய வேண்டுமா?

உறுப்பினர் க்ளென் ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "தலைவரே, மணி அஞ்சாகப் போகுது. பாலத்துக்கு வருவோம்."

"வெர்னா முடிக்கட்டும், க்ளென்."

"வேற யாரு பேச வந்திருக்காங்க? நாற்காலி பூரா காலி."

உண்மைதான். ஓடைக்கு அக்கரையில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் லோயிஸ் கிரைடர் அனுப்பிய ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தது. ஆரம்பத்திலேயே அதை வாசித்துவிட்டேன். பாலத்தை மூடினால் பால் லாரி பதினெட்டு மைல் சுற்றி வர வேண்டும், பால் வாங்கும் கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டது, அறுபது மாடுகளையும் விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதியிருந்தாள். அந்தக் கரையில் இன்னும் ஆறு பண்ணைகளுக்கும் அதே கதி.

"கடுதாசி எழுதத் தெரிஞ்சவங்களுக்கு நேர்ல வரத் தெரியலையே," என்றார் க்ளென். "அவ்வளவுதான் அவங்க அக்கறை."

வழக்கமாக இரவு ஏழு மணிக்கு நடக்கும் கூட்டம் அது. இந்த முறை மாலை நாலு மணிக்கு என்று முடிவு பண்ணியவர்கள் க்ளெனும் இன்னொரு உறுப்பினர் ரே ஃபின்ச்சும். ஹார்லன் ஒருவர்தான் வேண்டாமென்றார். மூன்றில் இரண்டு ஓட்டு இருந்தால் முடிந்தது கதை. பாலத்தை மூடவும் அதே இருவர் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"2016-ல பெட்டி உடைஞ்சுச்சா, சாஞ்சுச்சா?" என்றார் ஹார்லன்.

"மொதல்ல சாஞ்சுது. அப்புறம் உடைஞ்சுது. அது ஒரு பெரிய கதை."

"சொல்லுங்க."

ரே கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டு அடுப்பில் வைக்க வேண்டிய கோழி என் கண் முன்னால் வந்து போனது.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸோடு லோயிஸ் கிரைடர் வந்தாள். அவள் பின்னால் கணவன், பக்கத்துப் பண்ணைக்காரர்கள், அவர்கள் மனைவிமார். இருபத்து மூன்று பேர். அறை முழுக்கத் தொழுவ வாசனை.

"மன்னிக்கணும்," என்றாள் லோயிஸ் மூச்சு வாங்க. "நாலு மணிக்கு மாடு கறக்கணும். அதுங்களுக்குக் கூட்டம்னா என்ன தெரியும்? கறந்து முடிச்ச கையோட ஓடி வர்றோம். ஓட்டெடுப்பு முடிஞ்சு போச்சா?"

"இன்னும் இல்ல," என்றார் ஹார்லன். "வெர்னா, வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல. அவ்வளவுதான்," என்று வெர்னா ஆல்பத்தை மூடினாள்.

லோயிஸ் தன் மூன்று நிமிஷத்தில் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. "எங்கப்பா காலத்து மாட்டு வம்சம் இது. பாலம் இருந்தா நாங்க இருப்போம்," என்றாள். அவ்வளவுதான்.

ரே ஃபின்ச் அந்த இருபத்து மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லோரும் அடுத்த செவ்வாய் வரிசையில் நிற்கப் போகிறவர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யோசிச்சுப் பாத்தா, பழுது பாக்குறதுதான் நியாயம்னு படுது."

இரண்டுக்கு ஒன்று. பாலம் பிழைத்தது. லோயிஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். கணவன் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். எனக்கே ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது.

வெர்னாவின் ஆல்பத்தைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டாரே, உங்க ஓட்டு ஹார்லனுக்குத்தானே?"

"யாரு, நானா? பரம்பரையா நாங்க எதிர்க்கட்சி. அவருக்கு ஓட்டுப் போட்டதும் இல்ல, போடப் போறதும் இல்ல. அது அவருக்கும் நல்லாத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு உங்களை அவ்வளவு நேரம் பேச விட்டாரு?"

"விட்டாரா? மத்தியானம் போன் பண்ணிக் கூப்பிட்டதே அவர்தான்," என்றபடி வெர்னா காரைக் கிளப்பினாள். "மாடு கறந்து முடியுற வரைக்கும் யாராவது பேசிக்கிட்டே இருக்கணுமாம். இந்தக் கவுண்டியில ரெண்டு மணி நேரம் வெட்டியாப் பேசினாலும் யாருக்கும் சந்தேகம் வராத ஆளு நான் ஒருத்திதானாம்."