இரண்டு பேருக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்

தஞ்சோங் பகார் உணவங்காடியில் பகல் பன்னிரண்டரை மணி. மின்விசிறிக் காற்றில் மீ கோரெங் நூடுல்ஸ் வாசனை சுழல்கிறது. ஃபர்சானாவின் மடிக்கணினியில் அதே சிவப்பு வரி மறுபடியும் வந்து நிற்கிறது. கணினிச் சிப்புக்குள் பூட்டிய அறை போன்ற பகுதியில் ஓடும் அவளுடைய நிரல், பிழை வந்ததும் பாதி வேலையைப் பத்திரப்படுத்திவிட்டு ஒழுங்காகத்தான் வெளியேறுகிறது. பிழையைச் சரிசெய்யும் பகுதியை உள்ளே அனுப்பினால் மட்டும் கதவு திறக்க மறுக்கிறது. இரண்டு மணிக்கு வாடிக்கையாளர் முன் அது ஓடியாக வேண்டும். ஆறு மாத உழைப்பு. சென்னையிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன சக ஊழியன் ரகுபதி, கையில் இரண்டு தட்டுகளுடன் விழிக்கிறான். இந்த ஊர் வழக்கப்படி அவன் இடம்பிடிக்க வைத்துப்போன டிஷ்யூ பாக்கெட்டின் முன் ஃபர்சானா இருக்கிறாள். அடுத்த நாற்காலியில் ஒரு சீனப் பெரியவர் நிம்மதியாக மீன் சூப் குடிக்கிறார். “ரெண்டு பேருக்கு ஒரு பாக்கெட்டா வச்சீங்க?” என்கிறாள் அவள். “மேசைக்கே ஒண்ணு போதும்னு நெனச்சேன்.” “ஒரு பாக்கெட்டுக்கு ஒரு சீட்டுதான் லா! ரெண்டாவது ஆள் எங்க உக்கார்றது?” கேட்டவள் சட்டென்று நிறுத்தி, திரையைப் பார்க்கிறாள். பாதியில் நின்ற வேலை அந்தப் பூட்டிய அறைக்குள் ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. சரிசெய்ய வருவதற்கும் ஓர் இடம் வேண்டும். நிரலில் அவள் ஒதுக்கியிருப்பதோ ஒரே இடம். சிரித்துக்கொண்டே ஒன்றை இரண்டாக்கி மீண்டும் ஓட்டுகிறாள். பிழை வருகிறது, சரியாகிறது, விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது, பச்சை வரி. பெரியவர் கிண்ணத்தோடு எழுந்துகொள்கிறார். ரகுபதி தட்டுகளை இறக்கி, “குடிக்க தே தாரிக் டீ வாங்கிட்டு வரேன்” என்று பையிலிருந்து இன்னொரு பாக்கெட்டை எடுத்துக் காலி நாற்காலியின் நடுவில் கவனமாக வைக்கிறான்.