அடியில கெடந்த கருவேலங்கட்ட

"நானா புகை விட்டேன்? ஏ அடுப்பே, வாய அளந்து பேசு! இன்னைக்கு உன் வாய்க்குள்ள நான் எப்ப வந்தேன்?"

விறகுக் குவியலுக்கு அடியில கெடந்த கருவேலங்கட்டைக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சித்திரையில பொளந்து போட்டு, வெயில்ல காஞ்சு காஞ்சு, தட்டுனா டங்குன்னு சத்தம் வர்ற கட்ட அது. ஆனா புது விறகு வர்றப்பல்லாம் அது தலமேலயே கொட்டுனாங்க. கைக்கு எட்டுனதுதான் அடுப்புக்குப் போச்சு. இன்னைக்குப் போனது, நேத்து வெட்டுன பச்ச முருங்க. வீடு பூரா புகை. உடனே வீட்டுக்காரங்க, அடியில கெடக்குற பழசுதான் புகையுதுன்னு, அதத் தூக்கிக் குப்பக்குழியில போட முடிவு பண்ணிட்டாங்க. அடுப்பும் அதுக்கு ஆமாம் போட்டுச்சு.

குவியல் உச்சியில ஒய்யாரமா உக்காந்திருந்த இன்னொரு முருங்கக்கட்ட, "கோவிக்காதீங்கண்ணே, நாங்க ஈரந்தான். ஆனா பக்கத்துலயே இருந்தோம்ல?"ன்னுச்சு.

"பக்கத்துல இருந்தா சோறு வெந்துருமாடா?"ன்னு சீறுச்சு கருவேலம். "ஏ ஊதாங்குழலு! எங்கடா நழுவுற? காலையிலேர்ந்து ஊதி ஊதி மூச்சு வாங்குனது நீதான? இத்தன விறகுக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு. நீ ஊதுனது எனக்கா, இந்த முருங்கக் கூட்டத்துக்கா?"