நீலக்களி

“மண் ஏதாவது இருக்கா?” என்று கேட்டான் சுங்க அதிகாரி. “இருக்கு” என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சோதனை மேஜையில் என் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தான். உள்ளே ஒரு ஜோடி வேலை பூட்ஸ். என் புருஷனுடையது. கணுக்கால் வரை நீலக்களி அப்பிக் காய்ந்திருந்தது.

வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாதாம். புழு வருமாம், பூஞ்சை வருமாம், பயிரெல்லாம் பாழாகுமாம். அக்கறையைப் பாருங்கள்!

புருஷன் மட்டும் வரலாம். அதே விமானத்தில், சரக்கோடு சரக்காக, பெட்டிக்குள் வந்திருந்தார். கம்பெனி கொடுத்த காகிதத்தில் முத்திரை சரியாக இருந்ததால் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

லீவு நாளில் குடித்துவிட்டு, ரூம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து செத்தார் என்கிறது அந்தக் காகிதம். குடித்தாராம்! இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற மனுஷன். எப்படித்தான் நாக்கூசாமல் சொன்னார்களோ.

அவரை எடுத்துவரப் போய், அந்த ஊர்ப் பிணவறையில் நான் பார்க்கும்போது அவரைக் கழுவித் துடைத்து, புதுச் சட்டை மாட்டி வைத்திருந்தார்கள். நகக்கண்ணில்கூட அழுக்கில்லை.

அவரோடு ஒரே ரூமில் இருந்த சுருட்டைத்தலைத் தம்பிதான் பூட்ஸை யாருக்கும் தெரியாமல் என்னிடம் சேர்த்தான். அந்த ஊர் முழுக்க வெறும் மணல். நீலக்களி அவர்கள் தோண்டிய பள்ளத்தின் அடியில் மட்டும்தான் உண்டு. வேலை முடிந்தால் பூட்ஸைக் கழுவாமல் ரூமுக்குள் விடமாட்டார்கள். அன்றைக்குப் பள்ளம் சரிந்தது. இவரை வெளியே இழுத்துப் போட்டபோது அவன்தான் பூட்ஸைக் கழற்றி ஒளித்தானாம்.

“கழுவிடாதீங்க அண்ணி. அவர் உள்ள இருந்தார்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு.”

துணிக்கு நடுவில் சுருட்டி எடுத்து வந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நாளைக்கு நாலு பேர் முன்னால் வைக்கவேண்டிய சாட்சி இது. திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தால் எவன் நம்புவான்? அதனால்தான் மடச்சி மாதிரி உண்மையைச் சொன்னேன்.

இதையெல்லாம் அந்த அதிகாரியிடமும் சொன்னேன். முதலில் அழுதுகொண்டு, அப்புறம் கத்திக்கொண்டு. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பூட்ஸை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். மேலதிகாரியிடம் காட்டத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

தடுப்பை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான், படுபாவி. நீலம் கரைந்து தொட்டித் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அள்ளினேன். “நீ நல்லா இருப்பியாடா?” என்று நான் போட்ட கூச்சலில் மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சத்தையும் பொறுமையாகத் தேய்த்து, துடைத்து, புது உறையில் போட்டு நீட்டினான்.

“புதுசு மாதிரி ஆக்கிட்டேன்மா. நீங்களே உண்மையச் சொன்னதால அபராதம் எதுவும் இல்ல.”

அங்கே அவரைக் கழுவிக் கொடுத்தார்கள். இங்கே அவர் பூட்ஸைக் கழுவிக் கொடுக்கிறார்கள். ரொம்பச் சுத்தமான உலகம்.

இடது கையால் உறையை வாங்கிக்கொண்டு நடந்தேன். வெளிக்கதவருகே இன்னொரு அதிகாரி உட்கார்ந்திருந்தாள்.

“செடி, விதை, மண்ணு ஏதாவது இருக்கா?” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

தொட்டிக்குள் மூடிய என் வலது கையை நான் இன்னும் திறக்கவில்லை. உள்ளே களி சில்லென்று இருந்தது.

“இல்ல” என்றேன்.