வலப்பக்கப் படி

ஓரின் பூலியோவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஜனவரி மாதப் புதன்கிழமை மதியம். தன் பழைய சுபாரு வேகன் காரை என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஒரு படி வெல்டிங் பண்ணணும், ஆல்டன்."

"எங்க?"

"வலப்பக்கக் கதவுக்குக் கீழே."

"வலப்பக்கம் மட்டுமா?"

"மட்டும்."

எங்கள் ஊர் வண்டிகளில் ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம். அவரோ தனிக்கட்டை. கூட ஏற ஒரு நாய்கூடக் கிடையாது.

"அந்தப் பக்கமா ஏறி, இந்தப் பக்கம் தாவி உக்காரப் போறீங்களா?"

"எழுபத்துநாலு வயசுல உடம்புக்குப் பயிற்சி வேணாமா?" என்றார், சிரிக்காமல்.

இருபது வருஷத்து வண்டி அது. செப்டம்பரில் உயரமான ஸ்பிரிங் போட்டு இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுத்தேன். அக்டோபரில் இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க இரும்புத் தகடு கேட்டார். பனி விழுவதற்கு முன் ஆணி பதித்த டயர் நான்கு. கிறிஸ்துமஸ் வாரத்தில் சீட்டுக்கு அடியில் சூடு தரும் கம்பி. அதுவும் வலப்பக்கச் சீட்டுக்கு மட்டும்.

கடைக்கும் வீட்டுக்கும் போய்வருகிற மனிதருக்கு இதெல்லாம் எதற்கு? தெரிந்துகொள்ள மனம் அரித்தது. ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. முந்தைய மார்ச்சிலிருந்து வேலை விஷயத்துக்கு மேல் அவரோடு நான் பேசுவதில்லை. ஊரில் பாதிப் பேர் அதுவும் பேசுவதில்லை.

மார்ச் முதல் செவ்வாய், வெர்மான்ட் மாநிலத்து ஊர்களில் பொதுக்கூட்டம். வரி முதல் சாலைவரை எதையும் நாங்கள் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். அந்த வருஷம் பேச்சுக்கு வந்தது மேட்டுச் சாலை. மேலே ஒரே வீடு, அதில் செல்மா குஷிங் தனியாக இருந்தார். எண்பது வயது. ஜனவரியில் சிறுநீரகம் இரண்டும் போய், செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். கோடையில் ஆஸ்பத்திரி வேன் மேலே ஏறிவிடும். குளிர்காலத்தில் ஏறாது. அந்தச் சாலையில் ஊர்ச் செலவில் பனியைத் தள்ளி ஒதுக்குவது வழக்கமில்லை. அதனால் செல்மா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அக்கா மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே ஊரே பனி தள்ளட்டும். ரெண்டு தடவை டயாலிசிஸ் தவறினா அந்தம்மா இல்லை" என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான்.

ஓரின் எழுந்தார். "வேணாம்."

"காரணம்?"

"சாலை இருக்கிறபடி இருக்கட்டும்."

வரி ஏறுமே என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆமாம் நாற்பது, இல்லை நாற்பத்தொன்று.

மதியம் பீன்ஸும் பன்றிக்கறியும் பரிமாறினார்கள். ஒரு நீள மேசையில் ஓரின் தனியாகச் சாப்பிட்டார். நான் அவர் தட்டுக்கு மேலே குனிந்து, "உயிரைவிட வரி பெரிசாப் போச்சு உங்களுக்கு" என்றேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த குளிர்காலமும் செல்மா அக்கா மகள் வீட்டுக்கே போயிருப்பார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அந்தப் புதன்கிழமை படியைப் போட்டு முடித்தேன். ஓரின் ஏறிப் பார்த்தார். இறங்கிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு அங்குலம் தாழ்வா வேணும்."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டறையில் போன் அடித்தது.

"ஆல்டன், நான் செல்மா. ஓரின் இன்னும் வரலை. அஞ்சு நிமிஷம்கூடப் பிந்தாத மனுஷன்."

"எங்க வரலை? நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"என் வீட்டுலேருந்துதான். வேற எங்கேருந்து பேசுவேன்?"

ஓரின் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே போனதும் வெளியே வந்து நின்றேன். வேகனில் சாவி தொங்கியது. அன்று வியாழக்கிழமை.

புதுப்பனி கணுக்காலைத் தாண்டிக் கிடந்தது. வண்டி ஓர் இடத்திலும் வழுக்காமல் மேட்டில் ஏறியது. செல்மா பையோடு வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு படியில் கால் வைத்தார். சரியாக எட்டியது.

"போன வாரம்தான் சொன்னேன், ஏற முடியலைன்னு" என்றார்.

பாதி இறக்கத்தில் என்னால் அடக்க முடியவில்லை.

"உங்களுக்காகத்தான் அந்தத் தீர்மானம் கொண்டுவந்தேன். அதைத் தோக்கடிச்சுட்டு, அவரே இப்படி..."

"வேணாம்னு சொல்லச் சொன்னது நான். கூட்டம் செவ்வாய்க்கிழமை. நான் டயாலிசிஸ்ல கிடந்தேன்."

"ஏன் வேணாம்?"

"ஊர் பனி தள்ளணும்னா சட்டப்படி சாலையை அம்பதடி அகலத்துக்கு வெட்டணும். அந்தக் கல் சுவர் போயிடும்." கையுறையோடு ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "சுவரோரம் எங்க பையன் இருக்கான். ரெண்டே நாள்தான் இருந்தான். என் வீட்டுக்காரரும் ஓரினும் வெட்டின குழி. ஒரு கல்கூட நடலை."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"எம்பது பேருக்கு முன்னாடியா? யாராவது ஒருத்தர் மேல வந்து என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ஆல்டன்."

ஆமாம் என்று கை தூக்கிய நாற்பது பேரில் ஒருவர்கூட அந்த மேட்டில் ஏறியதில்லை. எனக்கும் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமையும் நானே ஓட்டினேன். செல்மா அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் இருந்தார். சாலை இன்றைக்கும் பன்னிரண்டு அடிதான்.