இடது கை

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்பே என் ஐந்தாம் வகுப்பைப் பழக்கிவிட்டேன். அதிகாரி எதைக் கேட்டாலும் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. வலது கை தூக்கியவர்களில் ஒருவரை நான் எழுப்புவேன். கடைசி பெஞ்ச் சந்தனமாரியிடம் மட்டும் தனியாகச் சொன்னேன், "நீ எதுக்கும் இடது கையவே தூக்கு, என்ன?" தலையாட்டினாள்.

வந்தவர் பாடத்தை விட்டுவிட்டு, "கோழி முட்டை பொரிக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். நாற்பது கைகள் எழுந்தன. முப்பத்தொன்பது இடது கைகள். ஒரே ஒரு வலது கை, சந்தனமாரியுடையது. பெஞ்சை விட்டே எழும்பி நின்றாள். குழப்பிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். முதல் ரேங்க் ஹரிணியை எழுப்பினேன். இடது கையை இறக்காமலே, "பத்து நாள் சார்" என்றாள். அவர் குனிந்து எழுதியபடி, "வெரி குட். எல்லாப் பிள்ளைகளும் கை தூக்குது" என்றார். எங்களுக்கு 'ஏ' கிரேடு கிடைத்தது.

அவர் போனதும் சந்தனமாரியைத் திட்டினேன். "சொன்னது மறந்துபோச்சா?"

"இருபத்தோரு நாள் டீச்சர்," என்றாள். "எங்க வீட்டுல நாந்தான் அடை வைப்பேன்."

"சரி, போய் உக்காரு."

மறுநாள் வருகைப் பதிவு எடுத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். சந்தனமாரி பெயரைக் கூப்பிட்டேன். அவள் இடது கையை மட்டும் தூக்கினாள்.